நாவல் மரத்துக்குப் பின்னால் ஒரு கோட்டை

ஸ்ரீவல்லி என்ன வேலை பார்க்கிறாள் என்று சின்ன காஞ்சிபுரத்தில் யாருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அவளுடைய அப்பா கிருஷ்ணஸ்வாமி, பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர், யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று சொல்லி முடித்துக்கொள்வார். அம்மா பெருந்தேவிக்கு அது போதாது. வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரதட்சணம் வரும்போது கூட நடப்பவர்களிடம், "சினிமாவுல அரண்மனை, மலை, சமுத்திரம்னு காட்டறாளோன்னோ, அதுல பாதி நிஜம் கிடையாது. எங்காத்துப் பொண்ணு வரையறதாக்கும்" என்பாள். "ஓகோ, பேனர் வரையறாளா?" என்பார்கள் கேட்டவர்கள். பெருந்தேவி அடுத்த சுற்றில் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

அம்மா சொன்னதுதான் சரி. எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்து முடித்த கையோடு ஸ்ரீவல்லி கோடம்பாக்கத்தில் ஒரு கிராபிக்ஸ் ஸ்டுடியோவில் சேர்ந்துவிட்டாள். படப்பிடிப்பில் எடுத்துவந்த காட்சியில் கீழ்ப்பாதி நிஜமாக இருக்கும்: மனுஷர்கள், மண், மாடு. மேல்பாதியை அவள் வரைந்து சேர்ப்பாள். தூரிகைக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் பேனா, காகிதத்துக்குப் பதில் ஒரு பலகை. கை மேஜைமேல் ஓடும், படம் எதிரே திரையில் விழும். மேட் பெயிண்டிங் என்பது தொழிலில் அதற்குப் பெயர். வரைந்தது என்று ஒருத்தருக்காவது தெரிந்துவிட்டால் அந்தப் படம் தோற்றது என்று அர்த்தம்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் மாசி மாதம், கலியாணசுந்தரம் என்ற இயக்குநர் ஒரு ராஜா கதை எடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு காட்சி. போருக்குப் போன இளவரசன் பல வருஷம் கழித்து மாட்டு வண்டியில் ஊர் திரும்புகிறான். ஒரு மேடு ஏறியதும் அவனுடைய கோட்டையும் ஊரும் அந்தி வெயிலில் நிற்பதைப் பார்க்கிறான். காட்சி கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் கதையே அதில்தான் திரும்புகிறது என்று இயக்குநர் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். அதற்கு அவர்கள் பிடித்த இடம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் மாகறல் கிராமத்தில் பழனி என்பவரின் வேர்க்கடலைக் கொல்லை. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, தொடுவானம் எங்கே நிற்கிறது என்று நேரில் பார்த்துக்கொள்ள ஸ்ரீவல்லியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் அவளுக்கும் குஷி.

மதியம் சாப்பாடு முடிந்ததும் ஒளிப்பதிவாளர் சாமுவேல் கேமராவை முக்காலியில் ஏற்றி இறுக்கினார். இனி அது ஒரு நூல் அசையக்கூடாது. அசைந்தால் கொல்லை ஒரு பக்கமும் வரைந்த கோட்டை ஒரு பக்கமும் போய்விடும். இயக்குநர் கண்ணை இடுக்கிக்கொண்டு எதிரே பார்த்தார்.

"அந்தக் கரண்டு கம்பம்?"

"அழிச்சிடலாம் சார்," என்றாள் ஸ்ரீவல்லி.

"மோட்டார் கொட்டாய்?"

"அதையும் அழிச்சிடலாம்."

"அந்த நாவ மரம்? கோட்டை வாசல் வர்ற இடமாப் பாத்து நிக்குதே."

"அழிச்சிடலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல."

பழனியின் மனைவி லோகாம்பாள் அப்போதுதான் எல்லாருக்கும் மோர் கொண்டுவந்துகொண்டிருந்தாள். கடைசி வார்த்தை காதில் விழுந்தது. குடத்தை நங்கென்று கீழே வைத்தாள். நேரே போய்க் கேமராவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"யாரு வூட்டு மரத்த யாரு அழிக்கிறது? இன்னா நெனச்சிக்கினு வந்தீங்க எல்லாரும்?"

பழனி ஓடிவந்தார். "தே, அது நெசமா அழிக்கிறது இல்ல. கம்ப்யூட்டர்ல அழிப்பாங்களாம்."

"நீ சும்மா இருய்யா. கொல்லைய மட்டும் வாடகைக்கு வுட்டிருக்கேன்னு சொன்ன. மரத்தையுமா வுட்ட? நாள் முச்சூடும் கடலை புடுங்கிட்டு அதுங்கீழதான் ஒக்காந்து சோறு துன்றோம்."

இயக்குநர் பொறுமையாக விளக்கப் பார்த்தார். "அம்மா, கம்ப்யூட்டர்ல அழிச்சா இங்க இருக்கிற மரம் எப்படிப் போகும்?"

"அதான் நானும் கேக்கறேன். இல்லாத கோட்டைய கம்ப்யூட்டர்ல வர வெக்கிறீங்க. இருக்கிற மரத்த போவ வெக்க மாட்டீங்களா?"

கலியாணசுந்தரம் தாடியைச் சொறிந்துகொண்டு ஸ்ரீவல்லியைப் பார்த்தார். கிரீடத்தோடு வண்டியில் உட்கார்ந்திருந்த இளவரசன் இறங்கி ஒரு டம்ளர் மோர் எடுத்துக்கொண்டார். வெயில் அதுபாட்டுக்குச் சாய்ந்துகொண்டிருந்தது.

ஸ்ரீவல்லிக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய காலத்தில் இதே வேலையைக் கண்ணாடியில் செய்திருக்கிறார்கள். கேமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை நிறுத்தி, அதன் மேல்பாதியில் அரண்மனையை வரைந்துவிடுவார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெற்று மைதானத்தில் அரண்மனை நிற்கும். கல்லூரியில் படித்ததோடு சரி. செய்து பார்த்ததில்லை.

"அக்கா, வீட்டுல கண்ணாடி இருக்கா? முகம் பாக்கறது இல்ல. அலமாரிக்குப் போடற மாதிரி."

லோகாம்பாள் கையைக் கட்டிக்கொண்டாள். பழனிதான் டிவி அலமாரிக்கென்று வாங்கி இன்னும் மாட்டாமல் வைத்திருந்த கண்ணாடியைச் சாக்கு சுற்றியபடியே எடுத்துவந்தார். இரண்டு சவுக்குக் கழி நட்டு அதில் கண்ணாடியைக் கட்டினார்கள். சற்றுத் தள்ளி இன்னொரு கழி நட்டு, அதன் உச்சியில் நெற்றியை ஒட்டிவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஸ்ரீவல்லி அளவு பார்த்தாள். பிறகு செட் போடுகிறவர்களிடம் போஸ்டர் கலர் வாங்கி முதல் கோட்டை இழுத்தாள்.

சாயம் நிற்கவில்லை. கண்ணாடியில் முத்து முத்தாக உருண்டு வழிந்தது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். இரண்டாவது கோடும் வழிந்தது. ஸ்ரீவல்லிக்குக் காது சூடாகிவிட்டது. யோசித்தாள். மோட்டார் கொட்டாய்க்கு ஓடி, தொட்டி விளிம்பில் கிடந்த துணி சோப்பில் தூரிகையை நன்றாகத் தேய்த்துக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை சாயம் பிடித்துக்கொண்டது.

அதற்கப்புறம் அவளுக்கு யாரும் தெரியவில்லை. கழிக்கும் கண்ணாடிக்கும் நடையாக நடந்தாள். பார்ப்பாள், ஓடுவாள், ஒரு தீற்று, திரும்பி வருவாள், பார்ப்பாள். மதில் எழுந்தது. வாசல் திறந்தது. மாடங்கள், மேல்மாடிகள், ஒன்றன்பின் ஒன்றாகக் கோயில் விமானங்கள். ஒவ்வொரு கல்லாக வரைய நேரமில்லை. ஒரு இழுப்பில் ஒரு வீதி, ஒரு புள்ளியில் ஒரு ஜன்னல். கிட்டப் போய்ப் பார்த்தால் குழந்தை சாதத்தை அப்பிவைத்த மாதிரிதான் இருந்தது.

"இப்ப வாங்க அக்கா. இந்தக் கழிகிட்ட நின்னு, ஒரு கண்ண மூடிண்டு பாருங்கோ," என்றாள். அவசரத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

லோகாம்பாள் கட்டிய கையை அவிழ்க்காமலே வந்தாள். நெற்றியை வைத்தாள். கண்ணை மூடினாள்.

"ஐயய்யோ!"

கடலைக் கொல்லை அப்படியே இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வெயிலில் குளித்துக்கொண்டு ஒரு கோட்டை நின்றது.

"இன்னாடி இது, எங்கொல்லையில! ஆமா, எங்க எம்மரம்?"

"தலைய மட்டும் இந்தப் பக்கம் நீட்டுங்க."

நீட்டினாள். மரம் இருந்த இடத்தில் இருந்தது. திரும்பக் கழியில் நெற்றியை வைத்தாள். கோட்டை. நீட்டினாள். மரம். இப்படியே நாலைந்து முறை தலையை ஆட்டிவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. "கம்ப்யூட்டருன்னா இதானா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. லைட்மேன்கள், வண்டிக்காரர், அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் எல்லாரும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். இளவரசன் கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போனார். பழனியின் முறை வந்தபோது காற்று கிளம்பியது.

"யம்மாடி, கோட்டைக்குள்ள மரம் ஆடுது பாரு!"

ஸ்ரீவல்லி அவரை நகர்த்திவிட்டுத் தான் பார்த்தாள். மதில் அத்தனை உயரம் வரவில்லை. நாவல் மரத்தின் உச்சிக்கிளைகள் மட்டும் மதிலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அசையாத வரை அவையும் சாயம் போலவே தெரிந்தன. காற்றில் இலைகள் புரண்டன. அதுவரை சாயமாக மட்டும் இருந்த கோட்டைக்குள் திடீரென்று காற்று வீசியது. யாரோ ஜன்னலைத் திறக்கப்போகிறார்கள் போல இருந்தது. அவளுக்கு இத்தனை நாள் தான் வரைந்த ஊர்கள் எல்லாம் ஏன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றன என்று ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"சார், மரம் இருக்கட்டும்."

"என்னது?"

"மதிலுக்கு உள்ளேர்ந்து வளர்ந்த மாதிரி காட்டிடறேன். வரைஞ்சது அசையாது சார். அதுக்கு நடுவுல அசையற ஒண்ணு வேணும்."

"அழிக்கச் சொன்னா வளக்கறேன்னு நிக்கறீங்களே!" கலியாணசுந்தரம் சலித்துக்கொண்டே கழியில் நெற்றியை வைத்தார். ரொம்ப நேரம் நெற்றியை எடுக்கவே இல்லை. எடுத்ததும், "சாமுவேல், ரெடியா?" என்று மட்டும் கேட்டார்.

லோகாம்பாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டாள். "அந்தக் கம்பத்த வேணா தாராளமா அழிச்சிக்கோங்க. கரண்டு வந்தாத்தானே!"

வண்டி வந்தது, இளவரசன் பார்த்தார், காட்சி முடிந்தது. மிச்சமிருந்த வெயிலில் சாமுவேல் கேமராவைத் தூக்கிப்போய் நெற்றி வைத்துப் பார்த்த கழி இருந்த இடத்தில் வைத்து, அந்தக் கண்ணாடி வழியாகவும் கொஞ்சம் ஃபிலிம் ஓட்டிக்கொண்டார். "சும்மா, ஒரு ஆசைக்கு," என்றார்.

கோடம்பாக்கத்தில் ஸ்டுடியோவை நடத்திவந்த ப்ரணவுக்கு ஸ்ரீவல்லி வயதுதான். நல்ல பையன், ஆனால் காலில் சக்கரம் கட்டிக்கொண்டவன். "எதுக்கு உக்காந்து வரையணும்? காஞ்சிபுரத்துல இல்லாத கோயிலா? போட்டோ எடுத்துண்டு வா. வெட்டி ஒட்டினா முடிஞ்சது." அவளும் அப்படியே செய்தாள். கயிலாசநாதர் கோயில் மதிலில் கொஞ்சம், வேறொரு கோயிலின் மண்டபத்தில் கொஞ்சம், மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு படிக்கட்டு. எல்லாம் சுத்தமாக ஒட்டியது. கலியாணசுந்தரம் வந்து பார்த்தார். மறுபடி ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எல்லாம் இருக்கு. ஊர்தான் இல்ல," என்றார்.

அவர் சொன்னது ஸ்ரீவல்லிக்குப் புரிந்தது. ஒரு மதிலில் காலை வெயில், ஒரு மண்டபத்தில் உச்சி வெயில். ஒரே ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு சூரியன்.

சாமுவேல் கையோடு கொண்டுவந்திருந்த துண்டு ஃபிலிமைப் போட்டுக் காட்டினார். கண்ணாடிக் கோட்டை. தூரிகைத் தடம் தெரிந்தது. ஒரு விமானம் கோணிக்கொண்டிருந்தது. ஆனாலும் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார்கள்.

"இதுல யாரோ குடியிருக்காங்க," என்றார் இயக்குநர்.

ப்ரணவ் ஸ்ரீவல்லியைப் பார்த்தான். "சரி, கையாலயே போடு. ரிலீஸ் தேதி மட்டும் மாறாது, சொல்லிட்டேன்."

போட்டாள். முதலில் மரத்தைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பிரகாசமான வானத்துக்கு எதிரே இலைகள் கறுப்பாக நின்றதால் கம்ப்யூட்டர் பெரும்பாலானதைத் தானே பிரித்துக் கொடுத்துவிட்டது. மோட்டார் கொட்டாயை ஒட்டித் தாழ்ந்த கிளைகளைத்தான் ஒவ்வொரு படச்சட்டமாகக் கையால் வெட்ட வேண்டிவந்தது. ஒவ்வொரு இலைக்கும் லோகாம்பாளைச் செல்லமாகத் திட்டினாள். கோட்டையின் வெளிச்சப் பக்கம் சுலபமாக வந்துவிட்டது. நிழல் பக்கம்தான் வரவில்லை. எதைக் கலந்தாலும் சாம்பல் பூசின மாதிரி செத்துக் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஊருக்கு வந்தாள். முகத்தைப் பார்த்ததும் அம்மா காபி கலக்கப் போனாள். அப்பாதான் கேட்டார்.

"கோட்டை எந்தக் காலம்?"

"பல்லவர் காலம்னு வெச்சுக்கோங்கோளேன்."

"அப்படின்னா ஆகாசத்துக்கு ராஜகோபுரத்தைத் தூக்கி நிறுத்தாதே. அதெல்லாம் பின்னாடி வந்தது. விமானம்தான் உசரம், வாசல் சின்னது."

"யார் வந்து பாக்கப்போறா அப்பா?"

"நான் பாப்பேனே."

மறுநாள் காலையில் பஸ் ஏறுவதற்காக நெசவுத் தெரு வழியாக நடந்தாள். தெரு நீளத்துக்குப் பாவு விரித்திருந்தார்கள். நெசவுக்கு முன் நீளவாட்டில் இழுத்துக் கட்டும் பட்டு இழைகள், அரக்குச் சிவப்பு. பாதித் தெருவில் வெயில், பாதித் தெருவில் வீடுகளின் நிழல். ஸ்ரீவல்லி நின்றுவிட்டாள். நிழலுக்குள் போன சிவப்பு கறுத்துப்போகவில்லை. மேலிருந்த வானத்து நீலம் அதில் இறங்கி, கத்திரிப்பூ நிறமாக மினுங்கியது. இழை ஒன்றுதான், வெளிச்சம்தான் வேறு. பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இன்னாமா, ஏதாவது காணாம பூட்டியா?" என்று கேட்டார். "கெடைச்சுடுத்து," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அன்று அவள் கோட்டையின் நிழலைக் கத்திரிப்பூவில் போட்டாள். மதில் எழுந்து நின்றுகொண்டது. ராஜகோபுரத்தை இறக்கி, விமானங்களை உயர்த்தினாள். ஜன்னல்களில் ஒன்றிரண்டில் விளக்கு ஏற்றினாள். ப்ரணவ் காபியோடு பின்னால் வந்து நின்றான். காபி ஆறும் வரைக்கும் அங்கேயே நின்றான்.

தீபாவளிக்குப் படம் வந்தது. காஞ்சிபுரத்துத் தியேட்டரில் ஸ்ரீவல்லியின் குடும்பம் நடு வரிசையில் உட்கார்ந்தது. முன்னால் இரண்டு வரிசை முழுக்க மாகறல். பழனி டிராக்டரில் ஊரையே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். லோகாம்பாள் புதுப் புடவையும் தலை நிறையப் பூவுமாகத் திரும்பி, "பொண்ணே, வெட்டிக்கிட்டி வுடலியே?" என்று கேட்டாள். "பாருங்க அக்கா," என்றாள் ஸ்ரீவல்லி.

வண்டி மேடேறியது. இளவரசன் நிமிர்ந்தான். அந்தி வெயிலில் அவனுடைய ஊர் நின்றது. இலைகள் புரண்டன.

"நம்ம மரம்!"

இரண்டு வரிசையும் எழுந்து நின்றுவிட்டது. விசில் காதைக் கிழித்தது. பழனி துண்டைச் சுழற்றினார். பின்னாலிருந்து யாரோ, "இன்னாத்துக்குப்பா இந்த எடத்துல விசிலு?" என்று கத்தினார்கள்.

"அது எங்க மரம்பா!"

"அப்ப கோட்டை?"

"கோட்டை யாரு வூட்டுதோ! மரம் எங்களுது!"

தியேட்டரே சிரித்தது. ஸ்ரீவல்லியும் சிரித்தாள், கூடவே கண்ணும் கலங்கியது. இருட்டில் அப்பா அவள் பக்கம் சாய்ந்து, "வாசல் சின்னதாத்தான் இருக்கு. சரி," என்றார். வாழ்நாளில் அவர் எந்த மாணவனுக்கும் இதைவிடப் பெரிய பாராட்டு கொடுத்ததில்லை.

இடைவேளையில் கும்பலோடு வெளியே வந்தார்கள். சமோசா கடை ஓரத்தில் சஃபாரி சட்டை போட்ட ஒருத்தர் தன் மனைவிக்கும் மச்சானுக்கும் உரக்க விளக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோட்டை செஞ்சிக்கு அந்தாண்ட. காலேஜ் டூர்ல நான் நேர்ல போயிருக்கேன்பா. உள்ள பூந்து சுத்தி வந்திருக்கேன்."

பெருந்தேவிக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வரும்? வாயைத் திறந்துவிட்டாள். ஸ்ரீவல்லி அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். கிருஷ்ணஸ்வாமி பலமாக இருமினார்.

"அப்படியா சார்?" என்று கேட்டாள் ஸ்ரீவல்லி. "மேல ஏறிப் பாக்க விடறாளா?"

"தாராளமா. வெயிலுக்கு முன்னாடி போயிடுங்க. கொரங்கு தொல்ல ஜாஸ்தி, கைப்பைய பத்திரமா புடிச்சிக்குங்க."

"பஸ் இருக்கா?"

"திண்டிவனம் போயி மாறணும். மதிலத் தாண்டி உள்ள போனீங்கன்னா ஒரு கொளம் இருக்குது பாருங்க, தண்ணி சும்மா ஜில்லுன்னு இருக்கும்."

குளம் எதையும் அவள் வரையவில்லை. ஆனால் வலதுகைப் பக்கத்து மதிலுக்குப் பின்னால் வீடு எதுவும் இல்லாமல் கொஞ்சம் இடம் விட்டிருந்தது நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு குளம் வெட்டலாம். தாராளமாக வெட்டலாம்.

"எறங்கிக் குளிக்கலாமா சார்?" என்று கேட்டாள்.

"நான் குளிச்சேனே!" என்றார் அவர்.